கேட்காமல் போட்ட படம்

என் அம்மாவின் அக்கா கன்னியாஸ்திரி. பஸ் டிப்போவுக்குப் பின்புறம், டயர் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஆதரவில்லாத பெண் நோயாளிகளுக்கான இல்லம் ஒன்றை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நடத்தினார். அந்தத் தெருவில் போய் 'சோப்பு சிஸ்டர் வீடு எது?' என்று கேட்டால் டயருக்குக் காற்றடிப்பவர்கூடக் கையை நீட்டிக் காட்டுவார். கார்பாலிக் சோப்பின் வாசனை பெரியம்மாவுக்கு ஓர் எட்டு முன்னால் நடந்து வரும். எங்கள் வீட்டுக்கு அவர் வந்து போனால் சோபா உறையில் இரண்டு நாள் அந்த வாசனை தங்கும். "அக்கா வந்துட்டுப் போனா வீட்ல ஒரு கிருமி மிஞ்சாது" என்பாள் அம்மா.

இல்லத்தில் முப்பத்திரண்டு கட்டில்கள். ஆறரை மணிப் பூசை முடிந்ததும் பெரியம்மா அங்கியின் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு குளியலறைக்குள் நுழைவார். வெளியே வரப் பத்து மணியாகும். எழுந்து நடக்க முடியாதவர்களை ஒவ்வொருவராகச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து, தண்ணீரை முதலில் தன் கையில் ஊற்றிச் சூடு பார்த்துக் குளிப்பாட்டுவார். அந்த நேரம் முழுக்கக் கதவு தாழிட்டிருக்கும். மடத்துத் தலைவி மதரே வந்து தட்டினாலும் "உள்ள ஆள் இருக்காங்க" என்று பதில் வருமே தவிரத் தாழ் திறக்காது.

அவரைப் பற்றி நல்லதாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது அவர் வெட்கப்பட்ட ஒரு காரியத்தை. அதில் எனக்கும் பங்கு உண்டு. பாதிக்கு மேலேயே உண்டு.

பெரியம்மா பிறந்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்னால் இருந்த ஒற்றை அறையில். தாத்தா அங்கே சலவைத் தொழிலாளி. இரண்டாவது பிரசவத்தில் மனைவி போய்விட, இரண்டு பெண்களையும் நீராவிக்கும் ஈரப் போர்வைகளுக்கும் நடுவில் அவரே வளர்த்தார். பெண்கள் போட்டுக்கொள்ளும் துணி பங்குக் கோயிலிலிருந்து வரும். யார் யாரோ போட்டுக் கழித்த துணி. பெரியம்மாவுக்குப் பதினோரு வயதில் அப்படி ஒரு நீலக் கோட்டு கிடைத்தது. மழைக்காலம். அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் நாளே, பின் பெஞ்சிலிருந்து டாக்டரின் மகள் எழுந்து வந்து காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இது என் கோட்டு. உள்ள என் பேர் தைச்சிருக்கு பாருங்க."

அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் சொன்னதாகப் பெரியம்மா ஒருநாளும் சொன்னதில்லை. ஆச்சரியத்தில்தான் சொல்லியிருப்பாள். டீச்சரும் நல்லவர்தான். "அப்படியா, ரொம்ப நல்லது. அவளுக்கு ஒரு நன்றி சொல்லு" என்றார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்க, பெரியம்மா நன்றி சொன்னார். அன்று சாயங்காலம் தாத்தாவுக்குத் தெரியாமல் பிளேடால் அந்தப் பெயரைப் பிரித்தெடுத்தார். நூல் போய்விட்டது. ஊசித்துளைகள் அதே எழுத்துகளாக அப்படியே நின்றன. வேறு கோட்டு இல்லாததால் அந்த மழைக்காலம் முழுக்க அதையேதான் போட்டுக்கொண்டு போனார்.

பத்தொன்பது வயதில் மடத்தில் சேரப் போவதாகச் சொன்னபோது தாத்தா கையிலிருந்த போர்வையை உதறிக்கொண்டே கேட்டாராம்.

"இங்க துவைச்சது பத்தாதுன்னு அங்க போய்த் துவைக்கப் போறியா?"

"அங்க வெறும் துணி மட்டும் இல்லப்பா."

"அதான் சொல்றேன். துணியாவது திருப்பித் திட்டாது."

அவர் தடுக்கவில்லை. துறவற வார்த்தைப்பாடு கொடுக்கும் நாளில் முன்வரிசையில் உட்கார்ந்து, யாரோ சலவைக்குப் போட்ட சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மடத்தில் பெரியம்மாவை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள். படிப்பும் வார்டு வேலையுமாகப் பன்னிரண்டு வருடம். முப்பத்தோராவது வயதில், பழைய டயர் கிடங்கு ஒன்றின் சாவியை அவர் கையில் கொடுத்து, தெருவில் விழுந்து கிடக்கும் பெண்களுக்கு அங்கே இடம் செய்யச் சொன்னார்கள். ரப்பர் நாற்றம் போகவே ஒரு வருடம் பிடித்தது.

இல்லத்தில் அவர் போட்ட முதல் சட்டம் துணியைப் பற்றியது. தானமாக வரும் எந்த உடுப்பும் நேராகக் கட்டிலுக்குப் போகக் கூடாது. உள்ளே தைத்திருக்கும் பெயரை எடுக்க வேண்டும், பொத்தானை மாற்ற வேண்டும், காலரையோ கையையோ வேறு மாதிரி வெட்ட வேண்டும், முடிந்தால் சாயம் ஏற்ற வேண்டும். "கொடுத்தவங்க எதிர்ல வந்தாலும் கண்டுபிடிக்கக் கூடாது" என்பார். மற்ற சிஸ்டர்களுக்கு இது வீண் வேலையாகத் தெரிந்தது. பெரியம்மா காரணம் சொன்னதில்லை.

அந்த வேலையைச் செய்யச் சரியான ஆள் இருபத்துமூன்றாவது வருடத்தில்தான் கிடைத்தார். கிடைத்தார் என்பதைவிட, பஸ் நிலையத்துப் பெஞ்சில் பதினோரு நாள் படுத்துக் கிடந்தவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள் என்பதுதான் சரி. ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை வியாதி. இடது கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் புண். முப்பது வருடம் தையல் தைத்தவர், மிதிக்கும் கால் முடியாமல் போனதும் வேலை போயிற்று, வேலையோடு கம்பெனி கொடுத்த அறையும் போயிற்று. கட்டிலில் படுக்க வைத்ததுமே எழுந்து உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"சிஸ்டர், இங்க எனக்கு என்ன வேலை?"

"முதல்ல புண் ஆறட்டும்மா."

"சும்மா உக்காந்து சாப்பிட எனக்கு வராது. வேலை இருந்தா இருக்கேன். இல்லன்னா பெஞ்சுக்கே போறேன்."

பெரியம்மா போய், பிரிக்கப்படாத மூன்று துணி மூட்டைகளைக் கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். தையல்காரம்மா மேலே இருந்த கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். "இதையெல்லாம் யாருதுன்னு தெரியாம ஆக்கணும், அவ்வளவுதானே?" என்றார். பெரியம்மாவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துப்போனது.

பழைய மெஷினுக்கு மோட்டார் பொருத்தினார்கள். ஒரு பணக்கார வீட்டுத் திரைச்சீலை நான்கு கவுன்களாகி, திரைச்சீலைக்காரியே வந்து "துணி நல்லாருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். இல்லம் முழுக்க ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

தையல்காரம்மாவுக்கு ஒரே மகள். வேறு ஊரில், மருந்துக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தன் நிலைமை தெரிந்தால் மாமியார் வீட்டில் மகள் தலை குனிய வேண்டி வருமே என்று, ஒரு பெரிய ரெடிமேட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பதாகவும் தங்க அறை கொடுத்திருப்பதாகவும் சொல்லி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மகளின் போன் வரும். கம்பெனி என்றால் மெஷின் சத்தம் கேட்க வேண்டாமா? அதனால் அந்தப் பத்து நிமிடமும் பெரியம்மா மெஷினில் உட்கார்ந்து ஒரு கந்தல் துணியை ஓட்டிக்கொண்டிருப்பார்.

"ஞாயித்துக்கிழமைகூடவா வேலை?" என்று மகள் கேட்டால், "ஆர்டர் நெருக்குதும்மா. இங்க ஒரு பொண்ணு இருக்கா, எத்தனை சொல்லிக் கொடுத்தாலும் கோடு நேரா வராது. அவளைப் பாத்துக்கவே நேரம் சரியா இருக்கு" என்பார் தையல்காரம்மா. அந்தப் பொண்ணு ஒருநாள் தன் அங்கியின் கையையே கந்தலோடு சேர்த்துத் தைத்துக்கொண்டது.

பொய்க்குத் துணை போவது பாவம் என்று பெரியம்மா வாரம் தவறாமல் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி வந்தார். "எப்பவும் இதே பாவத்தைத்தான் கொண்டு வர்றீங்க சிஸ்டர். புதுசா ஒண்ணும் பண்ணலையா?" என்று பங்குச் சாமியார் கேட்டாராம். "நேரம் இல்ல சாமி" என்றாராம் இவர். எங்கள் வீட்டில் இதைச் சொல்லும்போது பெரியம்மாவே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அப்படிச் சிரித்த கடைசி வருடம் அது.

இல்லத்துக்கு வெள்ளிவிழா வந்தது. ஒரு விழா மலர் போட வேண்டும் என்று மதர் முடிவு செய்தார். நான் அப்போது ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். வேலை என் வழியாக எங்கள் அச்சகத்துக்கு வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் போட்டோக்காரரை இரண்டு நாள் இல்லத்துக்கு அனுப்பினேன்.

அவர் கொண்டுவந்த இருநூறு படங்களில் ஒன்றைப் பார்த்ததும் அட்டை இதுதான் என்று தெரிந்துவிட்டது. கட்டுப் போடும் அறை. கதவுக்கு வெளியே, நடையில் நின்று எடுத்திருந்தார். தையல்காரம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, காலைப் பலகையில் நீட்டி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணை மூடியிருந்தார். கட்டு அவிழ்த்த புண் திறந்திருந்தது. கீழே முழங்காலிட்டு, அந்தக் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பெரியம்மா. ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் மட்டும் விழுந்திருந்தது.

பக்கங்களைச் சரிபார்க்கப் பெரியம்மா அச்சகத்துக்கு வந்தார். என் மேஜைக்கு அருகில் நின்றபடியே அட்டையைக் கையில் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது நானா?"

"பின்ன யாரு? சொர்க்கத்துலேர்ந்து இறங்கி வந்த மாதிரி இருக்கீங்க."

"சும்மா இரு." ஆனால் கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை. "அந்தம்மாவைக் கேக்கணுமே."

"கேளுங்க. ஆனா சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். நாளைக்குக் காலைல மெஷின்ல ஏத்தறாங்க."

அவர் யோசித்தார். நான் அவசரத்தில் இருந்தேன். அந்தப் படம் போய்விடக் கூடாது என்கிற அவசரம்.

"முகம் பாதிதான் தெரியுது பெரியம்மா. யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மறுபடியும் அட்டையைப் பார்த்தார். "சரி, போடு" என்றார்.

படத்தின் கீழே நான் ஒரு வரி எழுதியிருந்தேன்: 'பெற்ற மகள் கைவிட்டாள், பெறாத மகள் கைகொடுத்தாள்.' தையல்காரம்மாவுக்கு மகள் இருப்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் போன் கதையும் தெரியும். இருந்தும் எழுதினேன். வரி நன்றாக விழுந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். பெரியம்மா அதையும் படித்துவிட்டுத்தான் சரி என்றார்.

இரண்டாயிரம் பிரதிகள் அடித்தோம். பங்குக் கோயில்களுக்கும் பள்ளிகளுக்கும் போயிற்று. இல்லத்துக்கு வந்த கட்டைப் பெரியம்மா பிரிக்காமல் அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினார். மற்ற சிஸ்டர்கள் கேட்டபோது, விழா நாளில் கொடுக்கலாம் என்றார். பூட்டியபோதே செய்தது தப்பு என்று தனக்குத் தெரிந்திருந்ததாகப் பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை, மீதிப் பிரதிகளைக் கொடுக்க நான் போயிருந்தேன். வரவேற்பறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். மடியில் கைப்பை, கைப்பையின் மேல் எங்கள் மலர். அவளுடைய மாமியார் ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில், எல்லோரும் இருக்கும்போது, அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம்.

தையல்காரம்மா உள்ளேயிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. மகள் எழுந்து அட்டையைக் காட்டினாள்.

தையல்காரம்மா அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது யாரோம்மா" என்றார்.

"அம்மா."

"நான் இல்ல. இங்க நிறையப் பேர் இருக்காங்க. நான் துணி தைக்கத்தான்..."

"அம்மா, உன் கை எனக்குத் தெரியாதா? அந்த விரலை மெஷின் ஊசி குத்தினப்ப நான்தானே கட்டுப் போட்டேன்!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் கைவிட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ? நான் எப்பம்மா கைவிட்டேன்?"

தையல்காரம்மா கீழே இருந்த வரியை அப்போதுதான் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர். உதடுகள் அசைந்ததை நான் பார்த்தேன். கதவோரம் கையில் பிரதிக் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. பெரியம்மா குளியலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து நின்றார்.

"சிஸ்டர், நீங்களா இதைக் கொடுத்தீங்க?"

"ஆமா."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

பெரியம்மா ஈரக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

"கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றார் பெரியம்மா. "அதனாலதான் கேக்கல."

வெளியே டயர் கடையில் இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தையல்காரம்மா அட்டையை மடிக்காமல், கசக்காமல், மேஜையில் கவிழ்த்து வைத்தார். மகளுடன் போகவும் மறுத்துவிட்டார். "இந்தப் படத்தோட உன் வீட்டு வாசல்ல வந்து நிக்கச் சொல்றியா?" என்றார். மகள் மூன்றரை மணி பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினாள். மறுநாள் காலை பெரியம்மா குளியலறைக்குள் இருந்த நேரத்தில் தையல்காரம்மா இல்லத்தை விட்டுப் போய்விட்டார். பாதி தைத்திருந்த ஒரு கவுனை முடித்து, நூலைக் கத்தரித்து, மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரியம்மாவுக்குப் பெரிய தண்டனை. ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. படத்தைப் பார்த்து அழுதோம் என்று கடிதங்கள் வந்தன. மதர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மடத்து மாடிப்படியில் மாட்டினார். பெரியம்மா தினமும் அதைக் கடந்துதான் சிற்றாலயத்துக்குப் போக வேண்டும். இரண்டாவது வாரம் மதரின் முன்னால் போய் நின்று, நடந்ததைச் சொல்லி, படத்தைக் கழற்றச் சொன்னார். தலைமைப் பொறுப்பிலிருந்தும் தன்னை விடுவிக்கச் சொன்னார். "தாழ்மைக்கும் ஒரு அளவு உண்டு சிஸ்டர்" என்றார் மதர். "தாழ்மை இல்ல மதர், நிஜம்" என்றார் இவர்.

பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னார். சாமியார் இந்த முறை சிரிக்கவில்லை. "எங்கிட்ட வந்து முழங்கால் போட்டது சரி. போகவேண்டிய இடம் வேற இருக்கு" என்றாராம்.

அந்த அம்மா எங்கே போனார் என்று தெரியவில்லை. தெரிகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் பெரியம்மா மலரைத் திரும்ப வாங்கக் கிளம்பினார். சனிக்கிழமைகளில் நானும் போனேன். பெரிய துணிப் பைகளோடு பஸ் ஏறி, ஒவ்வொரு பங்கு அலுவலகமாகப் போய், கொடுத்த பிரதிகளைத் திருப்பிக் கேட்டோம். யாருக்கும் புரியவில்லை. சிலர் அவர் அடையாளம் தெரிந்து உள்ளே ஓடிப் பேனா எடுத்து வந்து, அட்டையில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஒரு பள்ளியில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கைதட்ட வைத்தார்கள். பெரியம்மா காது நுனி வரை சிவந்துபோய், தலை குனிந்து, "அந்தப் புத்தகத்தைக் கொடுத்துடுங்க, தப்பாப் போட்டுட்டோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழை என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு பஸ் பயணத்தில்தான், பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல. நீ சொன்னதால நான் சரின்னு சொல்லல."

"அவசரத்துல..."

"அவசரமும் இல்ல. அந்தப் படத்துல நான் அழகா இருந்தேன். அதான். அம்பத்தாறு வயசுல என் மூஞ்சியை அவ்வளவு நேரம் பார்த்தது அன்னைக்குத்தான். அந்தம்மா மூஞ்சியை நான் பார்க்கவே இல்ல."

பஸ்ஸில் கூட்டம். யாரோ ஒருவர் எழுந்து எனக்கும் இடம் கொடுத்தார், சிஸ்டரோடு வந்தவள் என்பதால்.

இரண்டாயிரத்தில் அறுநூற்றுச் சொச்சம் திரும்பி வந்தன. எங்கள் அச்சகத்துக் கத்தரி மெஷினில் வைத்து நானே அவற்றைத் துண்டாக்கினேன். மீதி எங்கெங்கோ இருக்கிறது.

நான்கு மாதம் கழித்துத் தகவல் கிடைத்தது. துணி கொடுக்க வந்த ஒரு பெண், ஊரின் மறுகோடி மார்க்கெட்டில், உடுப்புகளைப் பிரித்துச் சரிசெய்யும் கடை ஒன்றில் அந்த அம்மாவைப் பார்த்ததாகச் சொன்னாள். பெரியம்மா மறுநாளே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாடிப்படிக்கு அடியில் இருந்த கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், பின்னால் ஒரு திரை. தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"துணி ஏதாவது கொடுக்கணுமா?"

"இல்லம்மா. நான்..."

"அப்படின்னா நில்லுங்க. முன்னால வந்தவங்க இருக்காங்க."

மூன்று பேர் இருந்தார்கள். பெரியம்மா நான்காவதாக நின்றார். ஒரு பேண்டுக்கு நீளம் குறைத்தாயிற்று, ஒரு பையின் ஜிப் மாற்றியாயிற்று, பள்ளிச் சீருடை ஒன்றுக்குக் கொக்கி வைத்தாயிற்று. முக்கால் மணி நேரம். கடைசி ஆள் போனதும் பெரியம்மா மெஷினுக்கு முன்னால் வந்தார்.

"நான் செஞ்சது ரொம்பப் பெரிய தப்பு. உங்க மானத்தை எடுத்து ஊருக்குக் கொடுத்துட்டேன். மன்னிச்சிடுங்கன்னு கேக்கறதுக்கே எனக்கு வெக்கமா இருக்கு."

தையல்காரம்மா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தார். கோர்த்து முடித்தார். "கேட்டாச்சு இல்ல" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

பெரியம்மா குனிந்து பார்த்தார். கட்டு பழுப்பேறி, காலுறையோடு ஒட்டியிருந்தது.

"இதை இப்படி விடக்கூடாதும்மா. வாரத்துக்கு ரெண்டு தடவை நான் வந்து மாத்தறேன்."

"இங்கயா? கடைக்கு வர்றவங்க எல்லாம் பாக்கறதுக்கா?"

"திரைக்குப் பின்னால. கடை திறக்கறதுக்கு முன்னாடி."

தையல்காரம்மா முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தார். அப்புறம் முக்காட்டை, அங்கியை, மார்பிலிருந்த சிலுவையை.

"இந்த டிரெஸ்ஸோட வராதீங்க" என்றார்.

முப்பத்தேழு வருடம் அந்த அங்கியைத் தவிர வேறெதையும் உடுத்தாதவர். மதரிடம் அனுமதி வாங்க ஒரு மாதமாயிற்று. அம்மா தன் உடுப்பில் இரண்டைக் கொடுத்தாள். முதல் நாள் எங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பினார். முக்காடு இல்லாமல், ஒட்ட வெட்டிய நரைமுடியோடு அறையை விட்டு வெளியே வரவே அரைமணி நேரம் ஆயிற்று. அம்மா, "அக்கா, அப்படியே அப்பா மாதிரி இருக்க" என்று சிரிக்கப் பார்த்து, முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. "ஏய் அம்மா, படியில நிக்காத, உள்ள போ" என்று கண்டக்டர் அதட்டினார். மருந்துக்கடையில் வரிசையைத் தாண்டி ஒருத்தர் முன்னால் போனார், கேட்டதற்கு முறைத்தார். இதெல்லாம் அன்றாடம் எல்லோருக்கும் நடப்பதுதான். பெரியம்மாவுக்குத்தான் புதிது. "இத்தனை வருஷம் ஏழைங்களோட இருந்தேன்னு நினைச்சிக்கிட்டிருந்தேன்" என்று அம்மாவிடம் சொன்னாராம். "பஸ்ல கூட நான் ஏழையா போனதில்ல."

செவ்வாயும் வெள்ளியும், காலை எட்டு மணிக்கு, திரைக்குப் பின்னால். ஒன்றரை வருடம் அது நடந்தது. பேச்சு அதிகம் இருக்காது. காலை நீட்டுவார், இவர் கட்டை அவிழ்ப்பார், கழுவுவார், மருந்து வைத்துக் கட்டுவார். சீக்கிரம் வந்த வாடிக்கையாளர் யாராவது எட்டிப் பார்த்து இது யார் என்று கேட்டால், "தெரிஞ்சவங்க" என்பார் தையல்காரம்மா. அந்த மகள் இரண்டாவது வருடம் ஒருநாள் கடைக்கே வந்தாள். பெரியம்மாவை அங்கியில்லாமல் அடையாளம் தெரியவில்லை. "கட்டுப் போட வர்ற அம்மாவா? ரொம்ப நன்றிங்க" என்றாள். தையல்காரம்மா திருத்தவில்லை. பெரியம்மாவும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்லாத அந்தக் கோழைத்தனத்தையும் பின்னால் எங்களிடம் ஒரு குறையாகவே சொன்னார்.

புண் ஆறி, புதுத் தோல் மூடிய நாளில், தையல்காரம்மா காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, "இனிமே வர வேண்டாம் சிஸ்டர்" என்றார். சிஸ்டர் என்று கூப்பிட்டது அந்த ஒன்றரை வருடத்தில் அன்றைக்குத்தான்.

"அது மன்னிச்சதா, அனுப்பி வெச்சதா?" என்று நான் கேட்டேன்.

"தெரியல" என்றார் பெரியம்மா. "தெரிஞ்சிக்கற உரிமை எனக்கு இல்ல."

இல்லத்தின் பொறுப்பை வேறொரு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு, அவர் அங்கேயே சலவை வேலைக்குப் போய்விட்டார். இப்போது எழுபது தாண்டிவிட்டது. வயதான சிஸ்டர்கள் இருக்கும் வீட்டில், ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டிக் கொடுக்கிறார். அவரைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று நான் சொன்னபோது ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அந்தம்மாவைக் கேட்டுட்டு எழுது."

போனேன். கடை அதே மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. தையல்காரம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. இப்போது ஊசியில் நூல் கோர்த்துக் கொடுக்க ஒரு பெண் பக்கத்தில் இருக்கிறாள். நான் யார் என்று சொன்னேன். அந்த வரியை எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன். பதினான்கு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. அன்று கதவோரம் நின்றுகொண்டிருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது.

"அது நீயா?" என்றார். கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். "இப்ப வந்து கேக்கறியே. அன்னைக்கு ஏம்மா கேக்கல?"

தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எழுதிக்கோ" என்றார் கடைசியில். "ஆனா கால் ஆறிப்போச்சுன்னும் சேத்து எழுது. பாதியில விட்டுடாதே."

காலுறையை அவரே கீழே இறக்கிக் காட்டினார். தோல் சற்று வெளுத்து, வழவழவென்று இருந்தது. ஆறிவிட்டது.